வட்டு எழுதாமல் நின்ற காலை

நான் நேரில் கண்டவற்றையும், என்னோடு அதே அறையில் இருந்த வேறொருவர் சரியென்று ஒப்புக்கொண்டவற்றையும் மாத்திரமே இங்கு எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டவை சுவையானவை. ஆயினும் அவற்றை விட்டுவிட்டேன். கணினி வட்டுகளைப் பராமரிப்பவன் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் அது அக்கணமே நிறைவேறிவிடும். 'நிச்சயந்தானா?' என்று பல வேளைகளில் அது கேட்பதுகூட இல்லை. அத்தகைய திரைக்கு முன்னால் பணிக்காலம் முழுவதையும் கழித்தவனுக்கு, ஊகத்தை உண்மையின் குரலில் சொல்ல நாக் கூசுகிறது. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரப்போவதுமில்லை. எந்த வட்டு என்று அறியாமல் அவற்றைப் பார்த்துத் தட்டுபவர்களை நான் கண்டிருக்கிறேன். இதில் வரும் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

எழுத நேர்ந்த காரணம் இது. பதுளையிலுள்ள எங்கள் பிராந்தியக் காரியாலயத்தில் எனக்குப் பின் பொறுப்பேற்ற இளைஞர்கள் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார்கள். கணினிகளையெல்லாம் புதிய முறைக்கு மாற்றுகிறார்களாம். அமைப்புகளைத் திருத்துவதற்கு இப்போது திரையிலேயே அழகிய சாளரங்களும் பொத்தான்களும் வந்துவிட்டன. அப்படித் திருத்திக்கொண்டு போகையில் ஒரு கணினி மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை. அதன் வட்டில் சிறு பிழை தோன்றினாலும் கணினி முழுவதுமே நின்றுவிடும்படி யாரோ கட்டளை கொடுத்து வைத்திருக்கிறார்கள். இது பழைய காலத்து முரட்டுத்தனமாகத் தெரிகிறது, மாற்றிவிடலாமா என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடையாக அது இல்லை. இதை நான் எழுதி முடிக்குமுன் அவர்கள் மாற்றிவிடுவார்களோ என்ற பதற்றமும் இருக்கிறது.

அந்த அமைப்பு எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நாம் முன்கூட்டியே ஒரு விடை சொல்லி வைக்கலாம். கேள்வி, 'உன்னிடத்தில் பிழை கண்டால் என்ன செய்வாய்?' என்பது. விடைகள் மூன்று. பிழையைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து எழுதுவது ஒன்று. எழுதுவதை நிறுத்திவிட்டு, உள்ளதை வாசிக்க மட்டும் இடங்கொடுப்பது இரண்டு. கணினியையே நிறுத்திவிடுவது மூன்று. ஒரே வரியில் தட்டக்கூடிய கட்டளை. இந்த மூன்று விடைகளுக்கும் இடையில்தான் என் பணிக்காலத்தின் முக்கியமான நாட்கள் கழிந்தன.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பண்டாரவளையில் ஒரு தனியார் வகுப்பு, கொழும்பில் சில மாதங்கள், பிறகு பதுளை. தோட்டக் கம்பனியொன்றின் பிராந்தியக் காரியாலயத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கொழுந்து நிறுக்கும் கணினி ஈரத்தில் கெட்டால் அங்கே, தொழிற்சாலைக் கணினி தூசியில் கெட்டால் இங்கே என்று பேருந்திலேயே வேலை கற்றேன்.

சிவஞானம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது எனக்கு அவரைவிடச் சில வயது கூடுதல். ஆகவே அவர் என்னை 'அண்ணே' என்றார். நான் அவரை 'சேர்' என்றேன். பதுளைக் கடைவீதியில் அவருடைய குடும்பத்துக்குப் புடவைக்கடை இருந்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணியை வெட்டுமுன், வெட்டப் போகிறவர் அளவையும் துணியையும் உரக்கச் சொல்ல வேண்டும்: "மூணே கால் யார்ட், நீலப் பொப்ளின்." கல்லாவில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் கத்தரி. கல்லாவில் இருப்பவர் சொல்லாத வரை, வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் கத்தரி அசையாது. நான் அங்கே வேட்டி வாங்கப் போனபோது அவருடைய சிற்றப்பாவும் தம்பியும் இவ்வாறு சொல்லிக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்த வழக்கத்தைச் சிவஞானம் அப்படியே கறுப்புத் திரைக்குக் கொண்டுவந்தார். வட்டை மாற்றும் எந்தக் கட்டளையானாலும், அதை முழுவதும் தட்டிவிட்டு, விரலைச் சாவிப்பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகு எந்த வட்டு, எந்தப் பகுதி, அதன் அளவு என்ன, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியைத் திருப்பித் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். கண் தான் எதிர்பார்த்ததையே பார்க்கும் என்று அதற்குக் காரணம் சொன்னார். கேட்டதைத் திருப்பிச் சொல்வார். பொருந்தினால் "வெட்டுங்க" என்பார். பொருந்தாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனம் ஏச்சைவிட மோசமானது. ஒருமுறை எரிச்சலில், இது என்ன கடையா என்று கேட்டுவிட்டேன். கடையில வெட்டின துணிய ரிடக்ஷன்ல விக்கலாம், இங்க வெட்டினத யாருக்கும் விக்க முடியாதுண்ணே என்று சிரிக்காமல் சொன்னார்.

அவர் வந்த சில மாதங்களில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வட்டு கெட்டது. அதற்கு 'தொடர்ந்து எழுது' என்ற முதல் விடையே கொடுக்கப்பட்டிருந்தது. வட்டில் பிழை விழுந்த பிறகும் கணினி ஒன்றும் நடவாததுபோல் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. புதிய விவரங்கள் பழையவற்றின் மேல் விழுந்து, இரண்டும் உருக்குலைந்தன. எந்தத் தேயிலை மலையின் கொழுந்து எந்த நாளில் வந்தது என்பதை ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிவஞானம் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதிக்கிட்டே இருந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு நாங்கள் இருவரும் பசறை, வெலிமடை, ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் போய், ஒவ்வொரு கணினிக்கும் இரண்டாவது விடையைக் கொடுத்தோம்: பிழை கண்டால் எழுதாதே, வாசிக்க மட்டும் விடு. உள்ளதைக் காப்பாற்றும் அமைப்பு அதுவே என்று இருவரும் நம்பினோம். நம்பியதற்குக் காரணமும் இருந்தது.

மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதையுண்ட மீரியபெத்தவுக்குப் பிறகு, ஊவா மாகாணத்தில் மழை பெய்தால் மேலே பார்க்காத லயம் இல்லை. எங்கள் கம்பனியின் தோட்டமொன்றில் பணியக் கணக்கு எனப்படும் கீழ்ப்பிரிவுக்கு மேலேயுள்ள சரிவில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் இரு பக்கமும் கம்பம் நட்டு, குறுக்கே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, வெடிப்பு அகன்றால் எவ்வளவு அகன்றது என்று அளக்கும் கருவியொன்றைப் பொருத்தினார்கள். அளவு வானலையில் பதுளைக்கு வரும். எங்கள் காரியாலயத்துக் கணினி அதை வட்டில் எழுதி, திரையில் கோடாக வரைந்து காட்டும். அதைச் சரிவுக் கணினி என்றோம்.

கீழே பொறுப்பு, பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா முத்துலெட்சுமியிடம் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. பகலில் லயத்துப் பக்கம் தவறாமல் இருப்பவர் அவர் ஒருவரே என்பதால், கையால் சுற்றி ஊதும் அபாயச் சங்கையும் காம்பராவின் சுவரிலேயே பொருத்தியிருந்தார்கள். சங்கு ஊதினால், கணக்கப்பிள்ளையின் மேற்பார்வையில் பறித்துக்கொண்டிருக்கும் பெண்கள் மலையை விட்டிறங்கி, குழந்தைகளையும் வயோதிபர்களையும் கூட்டிக்கொண்டு ஓடையைக் கடந்து, எதிர்மேட்டிலுள்ள பாடசாலைக்கு ஏற வேண்டும்.

மழை பிடித்தால் முத்துலெட்சுமி காலையில் அழைப்பார். எங்கள் வரவேற்பு மேசையிலிருக்கும் ஷாமினி எடுப்பார். கேள்வி எப்போதும் ஒன்றே. "தங்கச்சி, மலை நிக்குதா?" ஷாமினி திரையைப் பார்ப்பார். கோடு நேராக இருந்தால் "நிக்குதுங்க ஆயம்மா" என்பார். இரண்டு பேருக்கும் அது ஒரு வணக்கம் போலாகிவிட்டது. நிற்காவிட்டால் சொல்லவேண்டிய விடையும் ஒன்றே: "ஏறுங்க." நான் அறிய, இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது விடை ஒன்று எவருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் காலை, பல நாள் மழையின் நடுவே வந்தது. பதுளையிலேயே கூரைக்கு மேல் ஓயாத இரைச்சல். முத்துலெட்சுமி அழைத்து, ஷாமினி விடை சொல்லி வைத்த சற்று நேரத்தில், நான் வேறொரு வேலையாக அந்த மேசைப் பக்கம் போனேன். போனவன் திரையைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? நல்லா நேராத்தானே இருக்கு?" என்றார் ஷாமினி.

நேராகத்தான் இருந்தது. அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் இருந்தது. கம்பி, வெயிலில் சற்று நீளும், குளிரில் சற்றுச் சுருங்கும், காற்றில் அதிரும். ஆகவே மலை அசையாத நாளிலும் கோட்டில் மிக நுண்ணிய நடுக்கம் ஒன்று இருக்கும். அன்று அந்த நடுக்கம் இல்லை. இவ்வளவு காற்றிலும் மழையிலும் ஒரு கம்பி இப்படி இருக்க முடியாது.

கறுப்புத் திரையைத் திறந்தேன். வட்டின் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டேன். வாசிக்க மட்டும் என்றது. ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கச் சொல்லிப் பார்த்தேன். மறுத்தது. கடைசியாக எழுதப்பட்ட வரி எப்போதையது என்று பார்த்தேன். முந்திய நாள் மாலை. நாங்கள் கொடுத்து வைத்த விடையின்படியே அது நடந்திருந்தது. வட்டில் பிழை விழுந்திருக்கிறது. உடனே எழுதுவதை நிறுத்தி, உள்ளதைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கருவியோடு வந்த வரைபட நிரல், புதிய அளவு கிடைக்காவிட்டால் கடைசி அளவையே நீட்டி வரைந்துகொண்டு போகும்படி அமைந்திருந்தது. இரவு முழுவதும் வட்டு எழுதாமல் நின்றிருக்கிறது. திரை மட்டும் கோட்டை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

விளக்கிச் சொன்னதும் ஷாமினியின் முகம் மாறிற்று. "அப்ப காலையில ஆயம்மாகிட்ட நான் சொன்னது?" என்றார்.

சிவஞானத்தை அழைத்தேன். அவர் வருமுன்பே என் மனத்தில் திட்டம் ஆயத்தமாக இருந்தது. முதல் விடைக்கு, அதாவது 'தொடர்ந்து எழுது' என்பதற்கு மாற்றி, பகுதியை எழுதத் திறந்துவிட்டால், கோடு சிறிது நேரத்தில் உயிர்பெறும். இரண்டே கட்டளைகள். அவர் வந்ததும் சொன்னேன். கூடாது என்றார். கருவி பொருத்திய நாளிலிருந்து எல்லா அளவுகளும் அந்த வட்டில்தான் இருந்தன. இணைப்பு அடிக்கடி அறுந்ததால் கொழும்புக்குப் போகவேண்டிய பிரதி சில வாரங்களாகப் போகவில்லை. அந்த லயங்களிலுள்ளவர்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று கேட்பதற்கு இருந்த ஒரே சான்று அது. பிழைபட்ட வட்டில் எழுதவிட்டால் அதுவும் போகலாம்.

"அந்த ஃபெக்டரிய மறந்துட்டீங்களாண்ணே?"

"மறக்கல சேர். அங்க கெட்டது கணக்கு. இங்க கீழ ஆளுங்க இருக்காங்க."

என் குரல் உயர்ந்திருந்தது. அவர் ஈரக் குடையைக் கையில் பிடித்தபடியே நின்றார். குடையிலிருந்து நீர் தரையில் சொட்டியது. பிறகு சொன்னார்: "ஆளுங்களுக்கு டிஸ்க் தேவையில்ல. ஃபோன் தேவ. மொதல்ல ஃபோன எடுங்க."

"எடுத்து என்னன்னு சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க."

நானே பிள்ளைக் காம்பராவுக்கு அழைத்தேன். முத்துலெட்சுமியின் குரலுக்குப் பின்னால் குழந்தைகளின் சத்தமும் தகரத்தின் மேல் மழையும் கேட்டன.

"ஆயம்மா, காலையில நிக்குதுன்னு சொன்னோம்ல. அது நேத்து சாயந்தரத்து அளவு. பொட்டி எழுதாம நின்னுபோச்சு. இப்ப மலை நிக்குதான்னு எங்களுக்குத் தெரியல."

"தெரியலன்னா? நிக்குதா, நிக்கலையா, ஒன்னு சொல்லுங்கய்யா. பொம்பளைங்க பூரா மேல மலையில நிக்கிறாங்க. போன தடவ சங்கு ஊதி ஒன்னும் நடக்கலன்னு கணக்கப்பிள்ள என்னய ஏசுன ஏச்சு எனக்குத்தான் தெரியும்."

"ஏறிடுங்க ஆயம்மா."

"நீங்க சொல்றீங்களா, மலை சொல்லுதா?"

"நான்தான் சொல்றேன். மலை சொல்றது எங்களுக்குக் கேக்கல."

அவர் தொலைபேசியை எங்கோ வைத்தார்போலும்; துண்டிக்கவில்லை. சங்கு முதலில் முனகி, பிறகு ஏறி, பிறகு காது கிழியும்படி எழுந்தது. அதை நான் பதுளையில் உட்கார்ந்து கேட்டேன். இணைப்பு எப்போது அறுந்தது என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்து அழைத்தவர் தோட்டத்தின் உதவி முகாமையாளர். அவரோடு சிவஞானம் பேசினார். பறிப்பு உச்சத்திலிருக்கும் நாளில் மலையிலுள்ள ஆட்கள் முழுவதையும் இறக்கியிருக்கிறீர்களே, அசைந்ததற்கு ஆதாரம் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் சிவஞானம். ஆதாரமே இல்லாமல் எப்படி இறக்கலாம் என்று அவர் மீண்டும் கேட்டார். "ஆதாரம் இல்லாததுனாலதாங்க எறக்கினோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உதவி முகாமையாளர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் நான் மேசைக்கும் சாளரத்துக்குமாக எத்தனையோ முறை நடந்துவிட்டேன்.

இனி வட்டு. வேறொரு வேலைக்காக வாங்கி, உறை பிரிக்காமல் வைத்திருந்த புதிய வட்டு ஒன்று இருந்தது. அளவுகளை எழுதும் நிரல் வட்டின் பெயரைப் பார்த்தே அதைத் தேடும். ஆகவே பழைய வட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, புதியதற்கு அதே பெயரைச் சூட்டிவிட்டால், நிரல் வேற்றுமை அறியாமல் அதில் எழுதத் தொடங்கும். பழைய வட்டில் ஒரு துளியும் எழுதவேண்டியதில்லை. இந்த வழி சிவஞானத்துடையது. எனக்கு அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை.

தொடங்குமுன், உறைந்து நின்ற திரையிலிருந்த கடைசி அளவை வாசிக்கும்படி ஷாமினியிடம் சொன்னார். கணினியை நிறுத்தினால் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஷாமினி வாசித்தார், சிவஞானம் திருப்பிச் சொன்னார், ஷாமினி அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கணினியை நிறுத்தினேன். பழைய வட்டைக் கழற்றியதும் சிவஞானம் அதை வாங்கி, தம்முடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி அதில் பொதிந்து, மேசைமேல் வைத்தார். புதியதைப் பொருத்தினேன். கணினி எழுந்தது. புதிய வட்டைத் துடைத்து ஆயத்தப்படுத்தும் கட்டளையைத் தட்டினேன்.

அவர் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "விரல எடுங்க. சொல்லுங்க."

"சேர், இதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

"சொல்லுங்கண்ணே."

"ரெண்டாவது டிஸ்க், முழுசும், துடைக்கப் போறேன்."

"அளவு?"

அளவைப் பார்ப்பதற்குத் திரையை மேலே தள்ளினேன். வாசித்தேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. புதிய வட்டின் உறையை எடுத்து, அதன் மேல் அச்சிட்டிருந்த அளவைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாசித்தது வேறு அளவு என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கணினி எழுந்தபோது வட்டுகளின் வரிசை மாறியிருந்தது. புதியது முதலாவதாகவும், கணினி இயங்குவதற்கே வேண்டிய உள்வட்டு இரண்டாவதாகவும் நின்றன. தட்டியதை அழித்தேன். மீண்டும் தட்டினேன். முதலாவது வட்டு, இன்ன அளவு, முழுதும் துடைக்கப் போகிறேன் என்று சொன்னேன். திருப்பிச் சொன்னார்.

"வெட்டுங்க."

பெயர் சூட்டுவதற்கும் இப்படியே சொன்னோம். பகுதியை இணைப்பதற்கும் இப்படியே. ஒவ்வொரு முறையும் என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய குரலில் மாற்றமே இல்லை.

நிரல் ஓடத் தொடங்கியது. வெற்றுத் திரையில் முதல் அளவு வந்து விழுந்தது. ஷாமினி உள்ளங்கையை விரித்தார். சிவஞானம் அவரை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தார்.

வெடிப்பு அகன்றிருந்தது. எவ்வளவு என்பதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஒரு சுண்டுவிரலின் அகலம் என்றே நான் முதலில் எழுதியிருந்தேன். சிவஞானம் இப்போது பதுளையில் இல்லை. இக்கட்டுரையை அவருக்கு அனுப்பி, தம்மைப் பற்றியவற்றைச் சரிபார்க்கும்படி கேட்டேன். பென்சிலின் தடிமன் என்று திருத்தி அனுப்பினார். ஷாமினியையும் கேட்டேன். அவரும் பென்சில் என்றார். ஆகவே பென்சிலின் தடிமன். முன்பு பல மாதங்கள் சேர்ந்தும் அவ்வெடிப்பு அவ்வளவு அகன்றதில்லை.

இரண்டாவது அளவு வந்தது, முதலாவதை ஒத்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. நுண்ணிய நடுக்கம் திரும்பியிருந்தது.

முத்துலெட்சுமி பாடசாலையிலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது. "எல்லாரும் ஏறிட்டோம். கடைசித் தொங்கல் லயத்து ராக்கம்மாவ மட்டும் நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அது வர மாட்டேன்னு கட்டிலப் புடிச்சிக்கிச்சு, கட்டிலோட தூக்கிட்டாங்க."

மலை நகர்ந்திருக்கிறது என்றேன்.

"இப்ப?"

"இப்ப நிக்குது."

"அப்ப எப்ப நகந்துச்சு?"

"தெரியல ஆயம்மா. நேத்து சாயந்தரத்துக்கும் இப்பத்தைக்கும் நடுவுல."

"நாங்க தூங்கிக்கிட்டு இருந்தப்பவா, முழிச்சிருந்தப்பவா?"

அதற்கும் தெரியவில்லை என்றே சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்வது அந்நாளில் எனக்குச் சற்றுப் பழகியிருந்தது. அவருக்குப் பழகவில்லை.

மழை விடும்வரை அவர்கள் பாடசாலையில் இருந்தார்கள். மலை இறங்கவில்லை. திரும்பிப் போனபோது கணக்கப்பிள்ளை முத்துலெட்சுமியை, "டிஸ்க்கு சரிஞ்சதுக்குச் சங்கு ஊதின ஆளு" என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்பாகவும் கேலி செய்தாராம். இதை எனக்குச் சொன்னவர் முத்துலெட்சுமியே, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நான் சொன்னேன், அடுத்த தடவ நீங்க கீழயே இருங்க, நாங்க மேல போயி ஒங்களுக்குக் கையக் காட்டுறோம்னு." கணக்கப்பிள்ளையிடம் நான் இதைச் சரிபார்க்கவில்லை.

பழைய வட்டைச் சிவஞானம் வாசிக்க மட்டும் திறந்து, பொறுமையாகப் பிரதி எடுத்தார். சிதைந்தவை மிகச் சில. எழுதப்படாத இரவைத் தவிர, வெடிப்பின் வரலாறு முழுவதும் கிடைத்தது. அதைக் காட்டி வெடிப்புக்கு நேர் கீழேயிருந்த லயத்துக் குடும்பங்களுக்கு வேறிடம் கேட்டார்கள், சிலருக்குக் கிடைத்தது. முத்துலெட்சுமி உட்பட மற்றவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

பிறகு அமைப்பின் கேள்வி எழுந்தது. சிவஞானம் சரிவுக் கணினிக்கு மட்டும் மூன்றாவது விடையைக் கொடுக்கச் சொன்னார்: பிழை கண்டால் கணினியையே நிறுத்திவிடு. நான் எதிர்த்தேன். வாசிக்க மட்டும் விட்டால் பழைய அளவுகளையாவது பார்க்கலாம். நின்றுவிட்டால் ஒன்றுமே இல்லை. மழை நாளில் அற்பப் பிழைக்கெல்லாம் சங்கு ஊத வேண்டிவரும் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"ஷாமினி திரையப் பாத்துத்தானே பேசுது. அளவு வரலன்னா திரையும் இருட்டாயிடணும். இல்லாதது இல்லாத மாதிரி தெரியணும்ணே."

நாற்காலியைத் திருப்பினார். தட்டி, விரலை எடுத்து, சொன்னேன். திருப்பிச் சொன்னார். அந்த ஒரு வரியைத்தான் இப்போது இளைஞர்கள் முரட்டுத்தனம் என்கிறார்கள்.

அதன்பிறகு முத்துலெட்சுமியின் கேள்வி இரண்டாயிற்று. மழை பிடித்தால் அழைத்து, "தங்கச்சி, பொட்டி எழுதுதா?" என்று முதலில் கேட்பார். எழுதுகிறது என்று ஷாமினி சொன்ன பிறகே மலையைப் பற்றிக் கேட்பார். லயத்திலிருந்து வேறு யார் அழைத்தாலும் அந்த வரிசையிலேயே கேட்டார்கள். நான் ஓய்வு பெறும் நாள்வரை அது மாறவில்லை. கணினி முழுவதுமாக நின்ற நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள், ஏறாமல் இருந்ததில்லை. ராக்கம்மாவைக் கட்டிலோடே தூக்கினார்கள்.

ஆகவே தம்பிமாரே, சாளரத்தில் அந்தப் பொத்தானை அழுத்துமுன், பணியக் கணக்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். பொட்டி எழுதுகிறது என்று நீங்கள் சொல்வதன்மேல் அங்கே சில குடும்பங்கள் கண்ணயர்கின்றன. என்ன மாற்றப் போகிறீர்கள் என்று முத்துலெட்சுமிக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு செய்யுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் செய்யாதீர்கள்.

எஞ்சியவை தெரியாதவை. அன்று வட்டில் பிழை எதனால் வந்தது என்பது தெரியாது. மின்னல் என்பார் உண்டு, ஈரம் என்பார் உண்டு, ஒன்றும் நிறுவப்படவில்லை. எழுதப்படாத அந்த இரவில் சரிவு சிறிது சிறிதாக நகர்ந்ததா, ஒரே இழுப்பில் நகர்ந்து நின்றதா என்பது தெரியாது. ஒரே இழுப்பாயின், அது ஏன் அங்கேயே நின்றது என்பதும் தெரியாது. அந்த வெடிப்பு இன்னும் மூடவில்லை. அடுத்த மழைக்கு அது நிற்குமா என்பது எனக்குத் தெரியாது.